அமெரிக்காவுல கருப்பின பெண்கள் டாக்டருக்குப் படிக்கிறது நிஜமாவே அவ்வளவு கஷ்டமா? சீட்டு ஈஸியா கிடைக்குதுங்கிறாங்களே?

நீங்க கேட்டிருக்கிறது ரெண்டு கேள்வி மாதிரி தெரியுது, உள்ள பாத்தா ஒண்ணுதான். உங்க பொண்ணு அங்க மெடிக்கல் ஸ்கூல் மூணாவது வருஷம், கூட தங்கியிருக்கிற கருப்பின பொண்ணு போன வாரம் வார்டுல இருந்து வந்து ராத்திரி பூரா அழுதிருக்கா, அவளுக்கு வந்த எவால்யுவேஷன்ல "டீமோட ஒத்துப்போறதுல சிரமம்"னு எழுதியிருந்தாங்களாம். உங்க பொண்ணு அநியாயம்ங்கிறா, உங்க வீட்டுக்காரர் "அவங்களுக்கு கம்மி மார்க்லயே சீட்டு குடுக்கிறாங்க, உள்ள போனா கஷ்டப்படத்தான் செய்வாங்க"ங்கிறார், யார் சொல்றது சரின்னு கேக்கிறீங்க. அந்தப் பொண்ணு அழுததுக்குக் காரணம் அவளோட படிப்பா, இல்ல அவளை எடை போடுறவங்களோட கண்ணா, இதுதான் கேள்வின்னு நான் எடுத்துக்கிறேன்.

நான் மதுரையில எம்பிபிஎஸ் முடிச்சு இங்க வந்து ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டே எடுக்கிற பயிற்சி, பண்ணி இப்ப கிட்னி டாக்டரா இருக்கேன், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஸ்டூடண்ட்ஸுக்கும் ரெசிடெண்ட்ஸுக்கும் சொல்லிக் குடுக்கிறேன், அதாவது அந்த எவால்யுவேஷன் எழுதுற ஆளுங்கள்ல நானும் ஒருத்தி. நான் கருப்பினப் பெண் இல்ல, அதனால அவங்க மனசுக்குள்ள நடக்கிறதை என்னால சொல்ல முடியாது, பக்கத்துல நின்னு பாத்ததையும் படிச்சதையும் நானே பண்ண தப்பையும்தான் சொல்ல முடியும்.

முதல்ல சீட்டு விஷயத்தை முடிச்சிடுறேன், ஏன்னா நம்ம வீடுகள்ல பேச்சு அங்கயே நின்னுடுது. நம்ம ஊர்ல இடஒதுக்கீடுன்னா இத்தனை சதவீதம்னு சட்டத்துலயே இருக்கும், அதே மாதிரி இங்கயும் இருக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இல்ல. கலிஃபோர்னியாவுல டேவிஸ்ங்கிற ஊர்ல இருக்கிற மெடிக்கல் ஸ்கூல் நூறு சீட்டுல 16 சீட்டை ஒதுக்கி வெச்சிருந்தாங்க, அந்தக் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1978லயே அப்படி எண்ணிக்கை போட்டு ஒதுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்திடுச்சு. அதுக்கப்புறம் இனத்தையும் பல விஷயத்துல ஒண்ணா பாக்கலாம்னு மட்டும் இருந்தது, 2023 ஜூன்ல அதையும் நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷமே மெடிக்கல் ஸ்கூல்ல புதுசா சேர்ந்த கருப்பின மாணவர் எண்ணிக்கை 11 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. உங்க வீட்டுக்காரர் சொல்றதுல உண்மையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், சேர்ற கருப்பின மாணவர்களோட எம்கேட், அதாவது மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு, சராசரி, வெள்ளைக்கார மாணவர்கள், நம்ம பசங்க மாதிரி ஆசிய மாணவர்கள் சராசரியை விட கம்மிதான், அது வெளியில எல்லாருக்கும் கிடைக்கிற கணக்கு. ஆனா அந்த மார்க்கு எதைச் சொல்லுதுன்னு யோசிங்க. உங்க பொண்ணுக்கு எம்கேட் கோச்சிங்குக்கு எவ்வளவு கட்டுனீங்க, அவ ரெண்டு சம்மர் சம்பளம் இல்லாம லேப்ல உக்காந்தப்போ வாடகை யார் குடுத்தாங்க? என்கிட்ட வந்த ஒரு பொண்ணு எம்கேட்டுக்கு படிச்சது ராத்திரி முதியோர் இல்லத்துல உதவியாளர் வேலை பாத்துக்கிட்டே, அதுவும் லைப்ரரில இருந்து எடுத்த பழைய புத்தகத்துல. உள்ள வந்ததுக்கு அப்புறம் ஸ்டெப் 1, 2, 3னு எழுதுற லைசென்ஸ் பரீட்சை எல்லாருக்கும் ஒண்ணுதான், பாஸ் மார்க்கும் ஒண்ணுதான். கருப்பினத்தவருக்குன்னு தனி பாஸ் மார்க் எந்த ஸ்டெப்லயும் கிடையாது.

சரி, இப்ப மூணாவது வருஷத்துக்கு வரேன், விஷயமே அங்கதான் இருக்கு. முதல் ரெண்டு வருஷம் பெரும்பாலும் கிளாஸ்ரூம், பரீட்சை எழுதுறீங்க, கம்ப்யூட்டர் திருத்துது, கம்ப்யூட்டருக்கு உங்க முகம் தெரியாது. மூணாவது வருஷம் வார்டுக்கு வந்ததும் மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தைகள்னு நாலு வாரம் எட்டு வாரம் ரொட்டேஷன். அங்க மார்க்கோட பெரிய பங்கு கூட வேலை பாக்குற ரெசிடெண்டும் என்னை மாதிரி அட்டெண்டிங்கும், அதாவது டீமை நடத்துற சீனியர் டாக்டரும், எழுதுற அபிப்பிராயம். ஆர்வமா இருந்தாளா, டீமோட ஒட்டினாளா, நம்பிக்கையா பேசினாளா, இதெல்லாம் எந்த ஸ்கேல்ல அளக்கிறது? ஒரு வெள்ளைக்காரப் பையன் ரவுண்ட்ஸ்ல சத்தமா பேசினா "தன்னம்பிக்கை"ன்னு எழுதுவோம், ஒரு கருப்பினப் பொண்ணு அதே சத்தத்துல பேசினா "கொஞ்சம் ஆக்ரோஷம்". அமைதியா இருந்தா அவன் "சிந்திக்கிறவன்", இவ "ஆர்வம் பத்தாது". மாமியார் உடைச்சா மண்சட்டி மருமக உடைச்சா பொன்சட்டிங்கிற கதைதான். 2022 ஜனவரியில இருந்து ஸ்டெப் 1 பரீட்சைக்கு மார்க்கே கிடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான். மன அழுத்தம் குறையும்னு நல்ல எண்ணத்துல பண்ணதுதான், ஆனா என் பார்வையில முகம் தெரியாத மார்க்கு ஒண்ணு போனப்புறம் முகம் பாத்துப் போடுற மார்க்கோட எடை கூடிடுச்சு.

இது என் புலம்பல் மட்டும் இல்ல, அளந்து பாத்திருக்காங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு மெடிக்கல் ஸ்கூல்காரங்க தங்களோட சொந்தக் கணக்கையே எடுத்துப் பாத்து 2018ல வெளியிட்டாங்க. கருப்பின, லத்தீன் மாதிரி குறைவான பிரதிநிதித்துவம் உள்ள மாணவர்களுக்கும் மத்தவங்களுக்கும் வார்டுல கிடைச்ச மதிப்பெண்ல வித்தியாசம் ரொம்ப ரொம்ப சின்னது, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தாதான் தெரியும். ஆனா அந்தச் சின்ன வித்தியாசத்தை வெச்சு கோடு போட்டு "ஹானர்ஸ்"ங்கிற உச்ச கிரேடு குடுக்கிறப்போ அவங்களுக்குக் கிடைச்சது மத்தவங்களுக்குக் கிடைச்சதுல பாதி, அந்த ஹானர்ஸை வெச்சு, முன்னணி மாணவர்களை மட்டும் சேர்க்கிற கௌரவ சங்கத்துக்கு ஆள் எடுக்கிறப்போ வாய்ப்பு மூணுல ஒரு பங்கு. அந்த கௌரவ சங்கத்தோட பேர் ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா, ரெசிடென்சிக்கு அப்ளை பண்றப்போ அது பேருக்குப் பக்கத்துல இருந்தா கதவு தானா திறக்கும். நாடு முழுக்க பாத்த இன்னொரு ஆய்வு 2017ல வந்தது, பரீட்சை மார்க், ஆராய்ச்சி, சமூக சேவை எல்லாத்தையும் சமமா வெச்சுப் பாத்தாலும் வெள்ளைக்கார மாணவருக்கு அதுல இடம் கிடைக்கிற வாய்ப்பு கருப்பின மாணவருக்கு இருக்கிறதை விட கிட்டத்தட்ட ஆறு மடங்குன்னு. அதே வருஷம் டீன் லெட்டர்ல, அதாவது ரெசிடென்சிக்கு அப்ளை பண்றப்போ காலேஜ் அனுப்புற கடிதத்துல, வர்ற வார்த்தைகளை எண்ணிப் பாத்தாங்க, வெள்ளைக்கார மாணவர்களுக்கு "அபாரம்", "மிகச் சிறந்தவர்"ங்கிற மாதிரி வார்த்தைகள் அதிகம், கருப்பின மாணவர்களுக்கு "தகுதியானவர்"ங்கிற வார்த்தை அதிகம். தகுதியானவர்னா திட்டு இல்ல. ஆனா டீன் லெட்டர் பாஷையில அதுக்கு அர்த்தம் "பரவாயில்ல"தான், ஆயிரம் அப்ளிகேஷனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற, ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கிற ப்ரோக்ராம் டைரக்டர் அந்த வார்த்தையில நின்னுட்டு அடுத்த ஃபைலுக்குப் போயிடுவார்.

இப்ப என் தப்பைச் சொல்லணும். 2014 வாக்குல கிட்னி வார்டுக்கு ஒரு மூணாம் வருஷ கருப்பினப் பொண்ணு வந்தா. அப்பல்லாம் ரத்தத்துல கிரியாட்டினின்னு தசையில இருந்து வர்ற ஒரு கழிவோட அளவைப் பாத்து கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு கணக்குப் போடுற ஃபார்முலாவுல இனம்னு ஒரு எண் இருந்தது, நோயாளி கருப்பினத்தவர்னா வர்ற விடையை 1.159ஆல பெருக்கணும். லேப் ரிப்போர்ட்லயே ரெண்டு வரி அடிச்சு வரும், ஆப்பிரிக்க அமெரிக்கர்னா இவ்வளவு, மத்தவங்கன்னா இவ்வளவுன்னு. நான் போர்டுல அதை எழுதி சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அவ கையைத் தூக்கி, "டாக்டர், எங்க அம்மா கருப்பினம், எங்க அப்பா வெள்ளைக்காரர், எனக்கு எந்த வரியைப் பாக்கணும்?"னு கேட்டா. நான் புத்தகத்துல இருந்ததைச் சொன்னேன், கருப்பினத்தவருக்கு தசை சராசரியா அதிகம், அதனால கிரியாட்டினின் அதிகம், அதுக்குத்தான் பெருக்கல்னு. அவ விடல. "தசைதான் காரணம்னா தசையை அளக்கலாமே, தோலை ஏன் கேக்கிறோம்?"னா. அப்புறம் இன்னொண்ணு கேட்டா, "கிட்னி மாத்துற லிஸ்ட்ல சேர 20க்குக் கீழ வரணும்னு சொன்னீங்களே, மத்தவங்களுக்கு 19னு வர்ற அதே ரத்தம் எங்க பாட்டிக்கு 22னு வருமே, அப்ப அவங்க காத்திருக்கணுமா?"

மாசக் கடைசியில அவளுக்கு எவால்யுவேஷன் எழுதினேன். நோயாளிங்களை நல்லா பாத்துக்கிட்டா, படிச்சிட்டு வந்தா, எல்லாம் எழுதினேன், கூடவே "சில நேரம் வாதம் பண்ற மாதிரி தோணலாம்"னு ஒரு வரி. அந்த வரியை எழுதுறப்போ எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்ல, அவ நல்லதுக்குத்தான் எழுதுறேன்னே நினைச்சேன். அவளுக்கு ஹானர்ஸ் வரல. அதே வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பையன் டயாலிசிஸ் எப்ப ஆரம்பிக்கணும்னு என்னோட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னான், அவனுக்கு நான் எழுதினது "கூர்மையான கேள்விகள் கேட்கிறார்". ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நான் பாத்தது ஆறேழு வருஷம் கழிச்சு.

ஏன் அப்ப பாத்தேன்னா, 2021 செப்டம்பர்ல அமெரிக்காவோட ரெண்டு பெரிய கிட்னி அமைப்புங்க சேர்ந்து போட்ட குழு அந்த இன எண்ணையே எடுத்துடணும்னு அறிக்கை குடுத்தாங்க. அதுக்கு அழுத்தம் குடுத்ததுல முன்னாடி நின்னது மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ், கூடவே வெனசா க்ரப்ஸ்னு சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்த கருப்பின கிட்னி டாக்டர் பல வருஷமா இது தப்புன்னு பேசியும் எழுதியும் வந்தாங்க. தன்னோட ஒரு கிட்னியை தான் காதலிச்சவருக்கே குடுத்து அப்புறம் அவரைக் கல்யாணமும் பண்ணிக்கிட்டவங்க அவங்க, லிஸ்ட்ல காத்திருக்கிறதுன்னா என்னன்னு வீட்டுக்குள்ளயே பாத்தவங்க. 2023ல இருந்து பழைய ஃபார்முலாவால தாமதமான கருப்பின நோயாளிகளோட காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்குப் போடணும்னு ஆணையே வந்தது, அடுத்த வருஷத்துக்குள்ள 14,000 பேருக்கு மேல அப்படித் திருத்தி நாள் கூடுதலா குடுத்தாங்க. 14,000 பேர்! அந்தப் பொண்ணு என் போர்டு முன்னாடி கேட்ட கேள்வி அதுதான். நான் அவளுக்கு மெயில் போட்டு நீ சொன்னது சரி, நான் எழுதினது தப்புன்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு மரியாதையா ஒரு பதில் வந்தது, நன்றி சொல்லிட்டு, அந்த ஒரு வரியைப் பத்தி நாலு இன்டர்வியூல அவகிட்ட கேட்டாங்கன்னு எழுதியிருந்தா. அதுக்கு மேல ஒண்ணும் எழுதல. அவ போனது கிட்னி பக்கம் இல்ல, குடும்ப மருத்துவம்.

அதனாலதான் சொல்றேன், உங்க பொண்ணோட தோழிக்கு வந்த அந்த "ஒத்துப்போறதுல சிரமம்"ங்கிற வரியை எழுதினவங்க கெட்டவங்களா இருக்கணும்னு அவசியமே இல்ல. அதே சமயம் அந்த ஒரு வரியை மட்டும் வெச்சு இது இனவெறின்னு நான் இங்க உக்காந்து தீர்ப்பு சொல்லவும் மாட்டேன், அந்த மாசம் அவ நிஜமாவே லேட்டா வந்திருக்கலாம், டீம்ல ஏதாவது உரசல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தனி ஒரு சம்பவத்துல இதை நிரூபிக்கிறது ரொம்ப கஷ்டம், நூறு பேரை எடுத்துப் பாக்கிறப்போ உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி தெரியும். அவங்களுக்கு இதுல இருக்கிற கொடுமையே அதுதான், ஒவ்வொரு தடவையும் "இது என் தப்பா, என் தோலா"ன்னு உக்காந்து யோசிக்கணும், யோசிச்சாலும் விடை கிடைக்காது, மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு வார்டுக்குப் போகணும்.

தினசரி நடக்கிறதும் சொல்றேன், ஏன்னா உங்க பொண்ணு கூடவே இருந்து பாக்கிறா. ரவுண்ட்ஸ்ல ஆறு பேர் நிப்போம், ரெசிடெண்ட் கருப்பினப் பெண், அவதான் நோயாளிக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருப்பா, நோயாளி பதில் சொல்றது மட்டும் பின்னாடி நிக்கிற உயரமான வெள்ளைக்கார ஸ்டூடண்ட் பையனைப் பாத்து. சாப்பாட்டுத் தட்டை எடுத்துட்டுப் போக வந்தியான்னு கேப்பாங்க. ஸ்டெதஸ்கோப் கழுத்துல தொங்கும், பேட்ஜுக்குக் கீழ "டாக்டர்"னு பெரிய எழுத்துல இன்னொரு அட்டை தொங்கும், அப்பவும் கேப்பாங்க. என்னையும் நர்ஸுன்னு நினைச்சிருக்காங்க, எனக்கும் கோவம் வந்திருக்கு, ஆனா நான் டாக்டர்னு சொன்னா "ஓ, இந்தியாவா, இந்திய டாக்டருங்க கெட்டிக்காரங்க"ன்னு உடனே ஏத்துக்கிறாங்க. அவங்க சொன்னா பேட்ஜை ஒரு தடவை திருப்பிப் பாக்கிறாங்க. இந்த வித்தியாசத்தை நம்மாளுங்க ஒத்துக்கணும், நமக்கு எதிரா இருக்கிற முன்முடிவுலயும் நமக்குச் சாதகமா ஒண்ணு கலந்திருக்கு, அவங்களுக்கு அது இல்ல. 2016ல விமானத்துல ஒருத்தர் மயங்கி விழுந்தப்போ டமிக்கா க்ராஸ்னு ஹூஸ்டன்ல ரெசிடெண்டா இருந்த கருப்பினப் பெண் டாக்டர் கையைத் தூக்கினாங்க, பணிப்பெண் கையை இறக்கச் சொல்லிட்டு நாங்க நிஜ டாக்டரைத் தேடுறோம்னு சொன்னதா அவங்க ஃபேஸ்புக்ல எழுதினதும், கருப்பினப் பெண் டாக்டருங்க ஆயிரக்கணக்குல தங்களோட போட்டோவைப் போட்டு "டாக்டர்னா இப்படியும் இருப்பாங்க"ன்னு காட்டினாங்க. என் கூட வேலை பாத்த ஒரு ரெசிடெண்ட் அந்த வாரம் என்கிட்ட சொன்னது, "எனக்கு ஆச்சரியமே இல்ல, இதை ஆச்சரியமா பாக்கிற உங்க எல்லாரையும் பாத்துதான் ஆச்சரியம்."

முடி விஷயம் வேற இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல குடுக்கிற தொப்பி அவங்க பின்னல் முடிக்குள்ள போகவே போகாது, ரெண்டு தொப்பி சேர்த்துப் போட்டாலும் ஓரத்துல தெரியும், யாராவது சுத்தம் சுகாதாரம்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. இன்டர்வியூக்கு முடியை நீட்டிவிட்டு நேராக்கணுமா, இயல்பா விடலாமான்னு இந்த ஊர்ல புத்திசாலிப் பொண்ணுங்க வாரக்கணக்குல யோசிக்கிறாங்க, அதுக்குள்ள எத்தனை பாடம் படிச்சிருக்கலாம். அப்புறம் காலேஜ்ல பிளாக் பொண்ணுங்க நாலு பேர்தான் இருப்பாங்க, விளம்பர போட்டோவுக்கு அவங்களைத்தான் கூப்பிடுவாங்க, பன்முகத்தன்மை கமிட்டிக்கு அவங்களைத்தான் கூப்பிடுவாங்க, ஜூனியருக்கு ஆறுதல் சொல்லவும் அவங்கதான், இந்த நேரத்துக்கெல்லாம் ரெஸ்யூமேல ஒரு வரிக்கு மேல மதிப்பு கிடையாது.

பாடமே கூட அவங்களை வெளிய நிறுத்தும். பெண்களோட பிறப்புறுப்பு சர்ஜரிக்கு "தந்தை"ன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்த மேரியன் சிம்ஸ், 1840கள்ல அலபாமாவுல அடிமைப் பெண்கள் மேல மயக்க மருந்து இல்லாம திரும்பத் திரும்ப அறுத்துத்தான் அந்த ஆபரேஷனைக் கண்டுபிடிச்சார். அனார்க்கா, லூசி, பெட்சின்னு மூணு பேர் பேராவது தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல இருந்த அவர் சிலையை 2018லதான் எடுத்தாங்க. அவர் பேர்ல இருக்கிற கருவியை கையில எடுத்துக் குடுக்கச் சொல்றப்போ ஒரு கருப்பின மாணவிக்கு என்ன ஓடும்னு நான் படிக்கிறப்போ நினைச்சே பாத்ததில்ல. பழைய கதைன்னு தள்ளவும் முடியாது. 2016ல வர்ஜீனியாவுல 222 வெள்ளைக்கார மெடிக்கல் மாணவர்கள், ரெசிடெண்ட்ஸ்கிட்ட கேட்டதுல, கருப்பினத்தவருக்குத் தோல் தடிமன்ங்கிற மாதிரி பொய்யான விஷயங்கள்ல ஒண்ணையாவது நம்புனவங்க கிட்டத்தட்ட பாதிப் பேர், அப்படி அதிகம் நம்புனவங்க கருப்பின நோயாளியோட வலியைக் கம்மியா எடை போட்டாங்க. அந்தப் பாதிப் பேரோடதான் உங்க பொண்ணோட தோழி டீமா ஒத்துப்போகணும்.

ஏன் இவ்வளவு கம்மியா இருக்காங்கன்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லணும். அமெரிக்காவுல டாக்டர் பட்டம் வாங்கின முதல் கருப்பினப் பெண் ரெபெக்கா லீ க்ரம்ப்ளர், 1864ல பாஸ்டன்ல, அடிமைமுறை முழுசா ஒழியறதுக்கு முன்னாடியே. உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் ரிச்மண்டுக்குப் போய் விடுதலையானவங்களுக்கு வைத்தியம் பாத்தாங்க, 1883ல தாய்மாருக்கும் நர்ஸுகளுக்கும் ஒரு மருத்துவப் புத்தகமும் எழுதினாங்க. அவங்களோடதுன்னு உறுதியா சொல்லக் கூடிய போட்டோ ஒண்ணு கூட இல்ல, நெட்ல அவங்க பேர்ல சுத்துறது வேற யாரோட படமோ. அப்புறம் 1910ல ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைன்னு ஒண்ணு வந்தது, மெடிக்கல் காலேஜ் தரத்தை உயர்த்தணும்னு நாடு முழுக்க சுத்தி எழுதினது, அதுல நிறைய நல்லது உண்டு, ஆனா அப்ப இருந்த ஏழு கருப்பின மெடிக்கல் ஸ்கூல்ல வாஷிங்டன் ஹோவர்டும் நாஷ்வில் மெஹாரியும் போதும்னு எழுதிட்டார், மீதி அஞ்சும் 1923க்குள்ள மூடியாச்சு. பெண்களுக்குன்னு இருந்த காலேஜுகளும் அந்தக் காலத்துல ஒவ்வொண்ணா போச்சு. கருப்பினப் பெண்ணுக்கு ரெண்டு கதவும் ஒரே சமயத்துல சாத்தினாங்க. அந்த அஞ்சும் நடந்திருந்தா எத்தனை டாக்டர் வந்திருப்பாங்கன்னு 2020ல ஒரு ஆய்வு மதிப்பீடு போட்டது, 35,000க்கு மேல. இது மதிப்பீடுதான், மூடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனா பாதியா வெச்சுக்கிட்டாலும் அது எத்தனை பொண்ணுங்களுக்கு "எங்க சித்தி டாக்டர்"னு சொல்ற பாக்கியம்னு கணக்குப் போடுங்க. இன்னைக்கு நாட்டு ஜனத்தொகையில கருப்பினத்தவர் 13, 14 சதவீதம், டாக்டர்கள்ல கருப்பினப் பெண்கள் 3 சதவீதம் கூட இல்ல.

எதை உறுதியா சொல்லக் கூடாதுன்னும் சொல்லிடுறேன், ஏன்னா நெட்ல ரெண்டு பக்கமும் மிகைப்படுத்துறாங்க. கருப்பின டாக்டர் பாத்தா, வெள்ளைக்காரக் குழந்தைங்களை விட கருப்பினக் குழந்தைங்களுக்கு இருக்கிற கூடுதல் இறப்பு பாதியா குறையுதுன்னு 2020ல ஃப்ளோரிடா பிரசவங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்து எல்லா இடத்துலயும் பரவுச்சு, நானும் கிளாஸ்ல சொல்லியிருக்கேன். 2024ல அதே தரவை வேற ரெண்டு பேர் திரும்பப் பாத்தாங்க, 1500 கிராமுக்குக் கீழ பிறந்த குழந்தைங்களைக் கணக்குல எடுத்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைஞ்சிடுச்சு, ஏன்னா ரொம்ப எடை குறைஞ்ச குழந்தைங்களைப் பாத்தது பெரும்பாலும் வெள்ளைக்கார டாக்டருங்கதான். அதனால அந்த ஆய்வை நான் இப்ப சொல்றதில்ல. ஓக்லண்ட்ல நடத்துனது வேற மாதிரி, 600 கருப்பின ஆண்களுக்கு மேல சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி டாக்டரை ஒதுக்கிப் பாத்தாங்க, கருப்பின டாக்டர் கிடைச்சவங்க ரத்தப் பரிசோதனை, ஊசி மாதிரி தடுப்பு விஷயங்களுக்கு அதிகமா ஒத்துக்கிட்டாங்க, அது வலுவான ஆதாரம், ஆனா அது ஆண் நோயாளிகள், ஒரு ஊர். இன்னொண்ணு, கருப்பினப் பெண்கள்னு ஒரே மூட்டையா கட்டிடவும் கூடாது. நைஜீரியாவுல இருந்து வந்த டாக்டர் தம்பதியோட பொண்ணும், மிசிசிப்பியில நாலு தலைமுறையா காலேஜ் வாசலை மிதிக்காத வீட்டுப் பொண்ணும் வார்டுல ஒரே மாதிரி பாக்கப்படுவாங்க, ஆனா அவங்க தூக்கிக்கிட்டு வந்த பாரம் ஒண்ணு இல்ல.

ரெசிடென்சில இது இன்னும் கூர்மையாகும், ஏன்னா அங்க வேலையே போகலாம். 2015 கணக்குப்படி ரெசிடெண்ட்ஸ்ல கருப்பினத்தவர் சுமார் 5 சதவீதம், வேலையை விட்டு நீக்கப்பட்டவங்கள்ல அவங்க கிட்டத்தட்ட 20 சதவீதம். நீக்கின ஒவ்வொரு கேஸும் அநியாயம்னு இந்த எண் சொல்லல, ஆனா 5க்கும் 20க்கும் நடுவுல இருக்கிற தூரத்தை "தகுதி"ங்கிற ஒரு வார்த்தையால நிரப்ப முடியும்னு நான் நம்பல. ரெண்டு லட்சம் டாலர் கடனை வெச்சுக்கிட்டு முப்பது வயசுல ஒருத்தி வெளிய நிக்கிறதை நான் பாத்திருக்கேன், ஒரே மாதிரி தப்பு பண்ண இன்னொருத்தனுக்கு கவுன்சிலிங் குடுத்து உக்கார வெச்சதையும் அதே வருஷம் பாத்திருக்கேன், அப்ப நான் வாயைத் திறக்கல, விசா பயம். அது இன்னமும் உறுத்துது.

இதெல்லாம் படிச்சிட்டு பாவம்னு மட்டும் நினைச்சிடாதீங்க. எங்க வார்டுல ஒரு கருப்பினப் பெண் இன்டர்ன் முதல் நாள் உள்ள வந்தப்போ டயாலிசிஸ்ல இருந்த எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க அவ கையைப் பிடிச்சு, பேட்ஜை கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய் எழுத்துக் கூட்டிப் படிச்சு, பக்கத்துப் படுக்கைக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. ரெண்டு வருஷமா எங்க யாருகிட்டயும் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறதில்லன்னு ஒத்துக்காத அந்தப் பாட்டி அவகிட்ட அன்னைக்கே ஒத்துக்கிட்டாங்க. தரையைத் துடைக்கிற அண்ணன்மார், லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் தள்ளுறவங்க எல்லாம் அவளைப் பாத்தா ஒரு தலையசைப்பு, "சாப்டியா டாக்டர்?"னு ஒரு விசாரிப்பு. 1964ல ஹோவர்ட், மெஹாரி மாணவங்க ஆரம்பிச்ச எஸ்என்எம்ஏங்கிற மெடிக்கல் மாணவர் சங்கம் இன்னைக்கும் அவங்களுக்கு ஒரு தாய்வீடு மாதிரி, வருஷா வருஷம் மாநாட்டுக்குப் போயிட்டு வந்தா முகமே தெளிஞ்சிருக்கும். நியூ ஆர்லியன்ஸ்ல சேவியர்னு ஒரு சின்ன யூனிவர்சிட்டி, பெரிய பேர் பெத்த காலேஜையெல்லாம் தாண்டி கருப்பின டாக்டர்களை உருவாக்குறதுல நாட்டுலயே முன்னணியில இருக்கு, அங்க யாரும் அந்தப் பொண்ணுங்ககிட்ட நீ இங்க எப்படி வந்தன்னு கேக்கிறதில்ல.

உங்க பொண்ணு என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தீங்க. ஆறுதல் சொல்றது நல்லது, ஆனா வார்டுக்குள்ள செய்ற ஒரு சின்ன காரியம் அதைவிடப் பெருசு. நோயாளி தோழியை விட்டுட்டு இவளைப் பாத்துப் பேசினா, "இவங்கதான் உங்களைப் பாத்துக்கிற ஸ்டூடண்ட் டாக்டர், இவங்ககிட்டயே கேளுங்க"ன்னு ஒரு வரி. ரவுண்ட்ஸ்ல தோழி சொன்னதை அஞ்சு நிமிஷம் கழிச்சு வேற ஒருத்தன் சொல்லிப் பேர் வாங்கினா, "ஆமா, அவ முதல்லயே சொன்னாளே"ன்னு ஒரு வரி. இதை அந்தப் பொண்ணே சொன்னா "ஒத்துப்போக மாட்டேங்கிறா"ன்னு எழுதுவாங்க, உங்க பொண்ணு சொன்னா யாரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க. தோழிகிட்ட சொல்லச் சொல்லுங்க, ஒவ்வொரு ரொட்டேஷன்லயும் பாதியில, அதாவது நாலு வார ரொட்டேஷன்னா ரெண்டாவது வாரக் கடைசியில, அட்டெண்டிங்கைப் பாத்து "நான் எதை மாத்திக்கணும், ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேக்கணும், கேட்டதை அன்னைக்கே தேதி போட்டு மெயில்ல நன்றி சொல்ற மாதிரி அனுப்பிடணும். பாதியில ஒண்ணும் சொல்லாம கடைசியில மட்டும் "டீமோட ஒத்துப்போகல"ன்னு வந்தா, அந்த மெயிலை வெச்சு, ரொட்டேஷனுக்குப் பொறுப்பான கிளர்க்ஷிப் டைரக்டர்கிட்ட உதாரணம் கேக்கலாம். உதாரணம் இல்லாத வரியை எடுக்கச் சொல்லிக் கேக்க நிறைய காலேஜ்ல வழி இருக்கு, ஆனா டீன் லெட்டர் போறதுக்கு முன்னாடி கேக்கணும், பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில போயிடும், அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னேன்னு வாதம் எல்லாம் வேண்டாம், அந்தப் பொண்ணை ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்க, அவ எம்கேட்டுக்கு எப்படிப் படிச்சான்னு அவரே கேக்கட்டும்.

அந்த எவால்யுவேஷன்ல வந்த முழு வரியும், எந்த ரொட்டேஷன்ங்கிறதும் அந்தப் பொண்ணு சம்மதிச்சா பேர், காலேஜ் பேர் எதுவும் இல்லாம இங்கயே கீழ போடுங்க, உதாரணம் கேட்டு எப்படி மெயில் எழுதுறதுன்னு நான் வரி வரியா எழுதித் தரேன்.